சுவரில் மாட்டிய மருந்தாளுநர்

தேரடித் தெருவில் பலராமன் நடத்தும் மருந்துக்கடையில், கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கும். பதிவு பெற்ற மருந்தாளுநர், ரா. வினோதினி. ஓரத்தில் ஒரு புகைப்படம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மிரண்ட கண். அந்தப் பெண்ணைக் கடையில் பார்க்க வேண்டுமென்றால் படத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் அங்கே வருவதில்லை.

ஆள் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். வரும் மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. மருந்து படித்துவிட்டு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்கள், மருந்துக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து என்ன சம்பளம் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பலராமன்தான் வழி சொன்னார். "நீ வரவே வேணாம்மா. சர்டிஃபிகேட்ட மட்டும் குடு. எல்லாரும் பண்றதுதான்." மாதம் பிறந்தால் அதற்கு வாடகை வந்தது. வீட்டை வாடகைக்கு விட்டவர்களாவது எப்போதாவது போய் எட்டிப் பார்ப்பார்கள். வினோதினி அதைக்கூடச் செய்யவில்லை. சோதனைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று காதில் விழுந்தால் பலராமன் போன் செய்வார். அன்று மட்டும் அரை நாள் விடுப்பு எடுத்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு சிரித்த முகமாக நிற்பாள்.

மற்ற நாளெல்லாம் மருந்து எடுத்துக் கொடுப்பது தருமன். அதற்கு முன் செருப்புக்கடையில் இருந்தவன். இருமிக்கொண்டு வந்தால் ஒரு சிரப், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தால் ஒரு மாத்திரை, இரண்டும் என்றால் இரண்டும். பிரஷர் இருக்கிறதா, ஏற்கனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவள் சுவரில் இருந்தாள்.

இது எதுவும் அவள் அப்பா ராஜமாணிக்கத்துக்குத் தெரியாது. செங்கம் பக்கம் வேர்க்கடலை போடுகிறவர். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற வந்தபோது கடை வாசலில் சான்றிதழைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தார். "இன்னாமா, உன் போட்டோவ மாட்டி வெச்சிகினு கீறாங்க?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "நான்தாம்ப்பா அந்தக் கடைக்குப் பொறுப்பு. காலைல போய் எல்லாத்தையும் பாத்து வெச்சுட்டுதான் ஆபீஸ் போறேன்" என்றாள். முழுப் பொய் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அரசாங்கப் பதிவேடும் அதைத்தானே சொல்கிறது.

அன்றிலிருந்து அவர் வேறு கடைப்படி ஏறவில்லை. தன் பிரஷர் மாத்திரையிலிருந்து பக்கத்து வீட்டுக் குழந்தையின் சொட்டு மருந்து வரை எல்லாவற்றுக்கும் பஸ் ஏறித் தேரடித் தெருவுக்குத்தான் வந்தார். ஏன் இவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி, "எம் பொண்ணு கடை" என்பார்.

மார்கழிப் பனியில் அவருக்கு இருமல் பிடித்தது. தருமன் ஒரு சிரப் கொடுத்தான். இரண்டு நாளில் குறையவில்லை. மறுபடி போனார், மூக்கடைப்புக்கு மாத்திரை கொடுத்தான். முதலில் கொடுத்ததை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றாவது முறை, "நெஞ்சு கட்டிகினு கீதுப்பா, நல்லா ஸ்ட்ராங்கா குடு" என்றார். வேறு நிறத்தில் இன்னொரு சிரப் வந்தது. பாட்டிலோடு வந்த அளவு மூடியை எங்கோ தொலைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கரண்டியில் ஊற்றிக் குடித்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீசில் இருப்பவளைத் தொந்தரவு செய்வானேன், அவள்தான் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாளே.

ஆறாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிவிட்டது. மகன் வல்லரசு ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு வந்து மருத்துவமனையில் சேர்த்தான்.

வினோதினி ஓடி வந்தபோது தம்பி அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் திணித்தான். "டாக்டரு சாப்ட மருந்தெல்லாம் கேட்டாங்கக்கா. எனக்கு இன்னா தெரியும், நீயே பாத்து சொல்லு."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து லேபிளைப் படித்தாள். இரண்டு சிரப், ஒரு அட்டை மாத்திரை. மூன்று பெயர், மூன்று கம்பெனி. பொடி எழுத்தில் உள்ளே இருப்பதைப் பார்த்தால், மூன்றிலும் மூக்கடைப்பைத் திறக்கும் அதே மருந்து. ரத்தக்குழாயை இறுக்குவது. பிரஷர் உள்ளவருக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இருமல், சளி, மூக்கடைப்பு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும் மருந்தில் ஒன்றைச் சாப்பிடும்போது இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. இதை அவள் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். கடைக்கு வந்தவரை ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கத் தெரிந்தவள் அந்நேரம் யாரோ ஒருவரின் பட்டா மனுவை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பைக்குள் பில்லும் கிடந்தது. கீழே அச்சில் மருந்தாளுநர், ரா. வினோதினி. யாருக்கும் தெரியாமல் அதைக் கசக்கி உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். பெற்ற அப்பன் அங்கே வாய் கோணிக் கிடக்க, இவளுக்குப் பில்லை மறைக்கும் புத்திதான் முதலில் வந்தது. அது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் கையை விரிக்கவில்லை.

டாக்டர் ரேவதி கட்டிலருகே வந்து மருந்துகளைத் திருப்பிப் பார்த்தார். முகம் கடுத்தது.

"பிரஷர் பேஷன்டுக்கு மூணையும் சேத்தா குடுத்தாங்க? இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பிரஷர் எகிறினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும். எந்தக் கடைம்மா இது? கடைல பார்மசிஸ்ட்னு ஒருத்தர் இருந்தாங்களா இல்லியா?"

வல்லரசு அக்காவைப் பார்த்தான். கடை எது என்று அவனுக்குத் தெரியும், அக்கா வாயால் வரட்டும் என்று நின்றான்.

நான்தான் என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி இருந்தது. "தெரியல மேடம்" என்றாள். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ ஒரு கடை போல."

"நல்லா இருக்குது. இவ்ளோ அலட்சியமா குடுக்கிறவங்கள சும்மா விடக் கூடாது."

கட்டிலில் அசைவு தெரிந்தது. ராஜமாணிக்கத்துக்கு எல்லாமே காதில் விழுந்திருந்தது. பேச்சு வரவில்லை, முகம் மட்டும் சிவந்தது. யாரோ ஒரு டாக்டரம்மா தன் மகளின் கடையைக் குறை சொல்வதா? விழாத இடது கையைத் தூக்கி வினோதினியின் மணிக்கட்டைப் பிடித்தார். பில் மடங்கியிருந்த அதே கை. அதை டாக்டர் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

"எம்... பொண்ணு... கடை" என்றார், கோணிய வாயில் எச்சில் ஒழுக. மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தார். "தப்பா... குடுக்க மாட்டா."