இலவச நிகழ்ச்சிக்கு ஒரு டிக்கட்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருக்கும் தேவாலயத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'ஆலயங்களில் நடக்கும் நற்செய்தி இசை நிகழ்ச்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் அறவிடலாமா?' சன்மானம் ஏதும் உண்டா என்று மெல்ல இழுத்தேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு. "என்னங்க நீங்க, இது ஊழியம்தானே!"

ஆக, கட்டணம் வாங்கலாமா என்பதைப் பற்றிக் கட்டணம் வாங்காமல் எழுத உட்கார்ந்தேன். வயிற்றெரிச்சலோடு எழுதிய முதல் வரைவு, 'தாராளமாக அறவிடலாம், அறவிட்டே தீர வேண்டும்' என்று முடிந்தது. இரண்டாம் வரைவு எழுதும்போது கோபம் ஆறியிருந்தது. 'கூடவே கூடாது' என்று வந்து நின்றது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் சரியாகவே பட்டன. கட்டுரைக்கு அது ஆகாது, கதைக்கு ஆகும். [மலர்க் குழுவினர் பொறுத்துக்கொள்ளவும். காசா கொடுத்தீர்கள்?]

2

தொடக்கங்கள்.

'பனிமூட்டம் போர்த்திய மலைகளின் நடுவே அந்தச் சின்னஞ்சிறு தேவாலயம்—' வேண்டாம். பனிமூட்டத்தோடு மலையகக் கதை தொடங்கினால் எனக்கே கொட்டாவி வருகிறது.

'கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த இராஜகுமாரி—' இதுவும் வேண்டாம். அவள் கொழுந்து எடுப்பவள்தான். ஆனால் இந்தக் கதை நடக்கிற நேரம் எதிலும் அவள் தேயிலை மலையில் வேலைக்கு நிற்கவில்லை. கூடையைச் சும்மா எதற்குத் தூக்கவிட வேண்டும்?

'இராஜகுமாரி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.'

ஆ, இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

3

இராஜகுமாரி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். போதகர் இந்திரகுமாரின் தேத்தண்ணிக் கோப்பை ஒரு துள்ளுத் துள்ளியது. ஆலயக் கமிட்டியில் பாடகர் குழுவுக்காக உட்கார்ந்திருப்பவள் அவள். வரப்போகும் நற்செய்தி இசை நிகழ்ச்சியில் முதன்முதலாகத் தனிப்பாட்டுப் பாடப் போகிறவளும் அவள்தான்.

"டிக்கட் போட்டா நான் பாட மாட்டேன் ஐயா. சாமி வீட்டு வாசல்ல நின்னு காசு வாங்குறதா? படமா ஓட்டுறோம்?"

பொருளாளர் செல்லத்துரை தொண்டையைச் செருமினார். தேயிலை ஃபேக்டரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நாற்காலிக்கு நேர் மேலேதான் ஆலயக் கூரை ஒழுகும். நாற்காலியை நகர்த்தினால் ஒழுகலும் கூடவே நகரும்; கூரை அந்த நிலைமையில் இருந்தது. அதனால் உள்ளேயும் குடையை விரித்துப் பிடித்தபடிதான் கணக்கு வாசிப்பார்.

"அறுப்புப் பண்டிகையில சேவல ஏலத்துல விடுறோமா இல்லியா?* போன வருசம் அந்த நொண்டிச் சேவலுக்கு வெலைய ஏத்தி ஏத்தி விட்டது யாரு? நீதானம்மா? சேவலுக்குக் காசு வாங்கலாம், பாட்டுக்கு வாங்கக் கூடாதோ?"

[* விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாக ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைத்து, ஆராதனை முடிந்ததும் அவற்றையே ஏலம் போடும் நாள். தான் வைத்த பூசணிக்காயைத் தானே போட்டிக்கு நின்று ஏலத்தில் எடுத்துக்கொண்டு பெருமையாக வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு.]

"சேவல எடுத்தவரு வீட்டுக்குக் கொண்டு போயி கறி வச்சாரு. பாட்ட எங்கங்க கொண்டு போறது? ஸ்பீக்கர் போட்டா மேல் லயத்து வீடுங்க வரைக்கும் கேக்கும். காதுக்கு எப்பிடி டிக்கட் போடுவீங்க, சொல்லுங்க பாப்போம்!"

கமிட்டி சிரித்துவிட்டது. செல்லத்துரை வேதத்திலிருந்து ஒரு வசனம் எடுத்து வீசினார். அவள் எதிர் வசனம் ஒன்றை எடுத்து வீசினாள். போதகர் இரண்டுக்கும் ஆமென் சொன்னார். கடைசியில் கையைத் தூக்கச் சொன்னபோது செல்லத்துரை பக்கம் எழுந்தது அவருடைய கை மட்டும்தான், அதிலும் குடை இருந்தது.

4

ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். வரைவில் செல்லத்துரையை 'கஞ்சன் செல்லத்துரை' என்றே எழுதி வைத்திருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. ஆனால் அந்த மனுசர் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நியாயமாகவே பேசித் தொலைக்கிறார். கூரையைப் பற்றி யோசிப்பதும் அந்தக் கமிட்டியில் அவர் ஒருவர்தான். வில்லனாக்கினால் எனக்குத்தான் பாவம்.

சரி, வில்லன் இல்லாமலே ஓடட்டும். இராஜகுமாரிக்கு எதிராக நிற்கப் போகிறவள் இராஜகுமாரிதான். அவள் இப்போது வெற்றிக் களிப்போடு ஆலய கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள், பாருங்கள்.

5

கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் உதயராஜ் காத்திருந்தான். அவள் புருசன். தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செயலாளர். பதிவுத் திருமணம் செய்த அன்றே, அவரவர் சாமி அவரவருக்கு என்று பேசி முடித்துக்கொண்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளைக் கொண்டுவந்து விடுவான். ஆராதனை முடியும்வரை கேட்டிலேயே நிற்பான். ஒருநாளும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

"டிக்கட் கெடையாது! எல்லாருக்கும் இலவசம்! நீங்களும் வரலாம்!" என்று குதித்து ஏறினாள்.

ஆட்டோவைக் கிளப்பப் போனவன் கையை எடுத்துவிட்டான்.

"கெடுத்தியே குமாரி."

"என்னாங்க?"

"டிக்கட் போடுவாங்கன்னு செல்லத்துரை அண்ணன் சொன்னாரு. அத நம்பித்தான் இருந்தேன்."

அப்புறம் அவன் எடுத்துச் சொன்னான். போன வருடம் எங்கிருந்தோ ஒரு வேன் வந்து, மைதானத்தில் இலவச ஜெபக்கூட்டம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தது. மேல் லயத்து இராமசாமி பணிசுக்காகப் போனான். மறுநாள் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் இடத்தில், அவன் மதம் மாறிவிட்டதாகக் கதை கட்டிவிட்டார்கள். இன்றுவரை அவனுக்குப் பேர் பாஸ்டர் இராமசாமி. அத்தோடு நின்றதா? ஓசிக் கூட்டத்துக்குப் போகிறவன் கோயில் தேர் வடத்தைத் தொடக் கூடாது என்று கோயில் கமிட்டியில் ஒரு தீர்மானமும் போட்டார்கள்.

"எவன் அந்தத் தீர்மானத்தக் கொண்டு வந்தது?" என்று சீறினாள்.

உதயராஜ் தலையைச் சொறிந்தான். "நான்தான்."

"நல்லா இருக்கு!"

"இங்க பாரு குமாரி. சும்மா போனா கும்புடப் போனேன்னு ஆகும். காசு குடுத்துப் போனா பாக்கப் போனேன்னு ஆகும். வாசல்ல டிக்கட்டக் கிழிச்சிட்டாப் போதும், ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். டவுன் தியேட்டர்ல படம் பாக்குறோம், தியேட்டர் மொதலாளி சாமியவா கும்புட்டுட்டு வாறோம்?"

வெளியே நின்று கேட்கிறீர்களே, அது போதாதா என்று சொல்ல வாயெடுத்தாள். போதாது. இத்தனை வருடமாகப் போதவில்லை. பாடும்போது ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தத் தனிப்பாட்டையே போதகரிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தாள்.

"ஐயோ, என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேனே" என்று அழுதேவிட்டாள். உதயராஜுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹோர்ன் அடித்துப் பார்த்தான்.

6

இங்கே நானும் மாட்டிக்கொண்டேன். முயன்று பார்த்த முடிவுகள் இவை:

அ. 'மறுவாரம் இராஜகுமாரி கமிட்டியின் முன்னால் தலைகுனிந்து, டிக்கட் போடுவோம் என்று—' அவள் குனிய மாட்டேன் என்கிறாள். அவ்வளவு சத்தமாக மேசையைத் தட்டியவளை எப்படிக் குனிய வைப்பது?

ஆ. உதயராஜ் ஊர்ப் பேச்சையெல்லாம் உதறிவிட்டு, கண்ணீரோடு உள்ளே ஓடி வருகிறான். எழுத நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை பெரட்டில் 'பாஸ்டர் உதயராஜ்' என்று கேட்டுக்கொண்டு நிற்கப் போவது அவன்தானே, நானா? அடுத்தவன் மானத்தில் தாராளம் காட்டுவது எழுதுகிறவர்களுக்குச் சுலபம்.

இ. நிகழ்ச்சியன்று அடைமழை, எல்லாம் ரத்து. [சோம்பேறித்தனம். ஆனால் மழையை வைத்துக்கொள்கிறேன், உதவும்.]

நான் இப்படி விழித்துக்கொண்டிருந்தபோது வழி காட்டியவர் செல்லத்துரை. இராஜகுமாரி அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு கட்டு டிக்கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். எப்படியும் ஜெயித்துவிடுவோம் என்று, கமிட்டி கூடுவதற்கு முன்னமே டவுனில் நஸீம் நானாவின் அச்சகத்தில் அடித்து வாங்கி வைத்திருந்தாராம்!

"ஒண்ணே ஒண்ணு கிழிக்கிறேன். ஒம் புருசன் முழுக் காசும் குடுக்கணும், கழிவு கெடையாது. கூரைக்கு ஒரு ஆணியாவது வரட்டும். அன்னைக்கு வாசல்ல நானே நின்னு ஊருக்கே தெரியிற மாதிரி கிழிக்கிறேன், போ."

உதயராஜ் மறுபேச்சில்லாமல் முழுக் காசும் கொடுத்தான். "எல்லாரும் ஓசியில போறப்ப நான் மட்டும் டிக்கட்டோட போனா, அது இன்னும் கெத்துதானே?" என்றும் கேட்டுக்கொண்டான்.

7

ஞாயிறு பின்னேரம். சொன்னபடி மழை.

ஆலய வாசலில் 'அனுமதி இலவசம்' என்று பெரிய பேனர். மேல் லயத்து வாசல்களில் சனம் வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் இராமசாமி நாற்காலியே போட்டு உட்கார்ந்திருந்தான். பழி தீர்க்க அவனுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

உதயராஜ் அயன் பண்ணிய சட்டையோடு, டிக்கட்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வாசலுக்கு வந்தான். அங்கே செல்லத்துரை இல்லை. வாடகைக்கு எடுத்த கீபோர்ட்டின் மேல் கூரை ஒழுகியதால், அவர் உள்ளே அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றது ஞாயிறு பாடசாலை டீச்சர் விஜயகலா. அவளுக்கு இந்த விசயம் எதுவுமே தெரியாது.

"வாங்க வாங்க அண்ணே! உள்ள போங்க!"

"இதக் கிழிங்க தங்கச்சி."

"ஐயோ, டிக்கட்டெல்லாம் இல்லண்ணே. இலவசம்தான்."

"நான் காசு குடுத்து வாங்கியிருக்கேன்."

"காசு குடுத்தீங்களா? அனே பாவமே! எவன்ணே ஒங்கள ஏமாத்துனது?"

"யாரும் ஏமாத்தல. நீங்க கிழிங்க. கொஞ்சம் மேல தூக்கிப் புடிச்சுக் கிழிங்க."

"ஆண்டவரோட வாசல்ல நான் எப்பிடிண்ணே டிக்கட் கிழிப்பேன்? நம்ம குமாரி அக்காதான் கமிட்டியில அவ்வளவு போராடி இலவசமாக்குனாங்க!"

உள்ளே மேடையில் இராஜகுமாரி மைக்கின் முன்னால் நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அயன் பண்ணிய சட்டையின் ஒரு தோள் மட்டும் தெரிந்தது. கீபோர்ட் முன்னிசையை வாசித்து முடித்தது. அவள் பாடவில்லை. வாசித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முன்னிசையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

8

நானே போய்க் கிழித்துவிடலாம்தான். ஆனால் நான் கிழித்தால் மேல் லயத்தில் செல்லாது. நான் அவன் பக்கம் என்பது இவ்வளவு நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். விஜயகலா கிழிக்க மாட்டாள். செல்லத்துரையால் குடையை விட முடியாது. விட்டால் கீபோர்ட் போச்சு.

பக்கம் சேராத ஆள் ஒருவர் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தால் நீங்கள்தான் இருக்கிறீர்கள். இந்தக் கதைக்குக் காசு கொடுத்து வந்தீர்களா, ஓசியில் வந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கட்டணம் அறவிடலாமா என்ற தலைப்புக்கும் இனி நீங்களே பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதோ, உதயராஜ் உங்களைப் பார்த்துவிட்டான். டிக்கட்டை உங்கள் பக்கம் நீட்டுகிறான். உள்ளே முன்னிசை இன்னொரு தடவை முடியப் போகிறது. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாங்கிக்கொள்ளுங்கள். இராமசாமிக்கு நன்றாகத் தெரியும்படி கையை உயர்த்தி, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து,