ஆஃப் பண்ணாதே

பிளக்கின் மேல் இருந்த மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதப் புடுங்காதீங்க மாமா."

"பெட்டிக்கு வேற பாயிண்ட் இல்ல மாப்ளே. ஆள் நின்னுக்கிட்டு இருக்கார் பாருங்க."

குளிர்பெட்டி கொண்டுவந்தவர் ஒயரைச் சுருட்டிப் பிடித்தபடி வாசலில் நின்றார். எக்ஸ்டென்ஷனில் மாட்டக் கூடாது, நேராகச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். கூடத்துச் சுவரில் இருந்தது ஒரே பாயிண்ட். அதில் அவன் மனைவியின் கீபோர்டு மாட்டியிருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் தலைவலி என்று அதன் முன்னாலிருந்து எழுந்தவள், திரும்ப வந்து உட்காரவில்லை. மருத்துவமனையில் நான்கு நாள். இன்று விடிவதற்குள் முடிந்துவிட்டது. அவளைக் கொண்டுவரும் வண்டி வருவதற்குள் கூடத்தை ஒழித்துவைக்க அவன் முன்னால் வந்திருந்தான். கீபோர்டின் திரை நான்கு நாளாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு. அவள் கையெழுத்து. ஆஃப் பண்ணாதே.

மைக்கில் பாடுவது அந்தக் கீபோர்டின் தற்காலிக நினைவில்தான் நிற்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். போன வருஷம் அப்படிப் போனபோது இரண்டு நாள் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை அவள் பதிய உட்கார்ந்தது சொந்தப் பாட்டு. சோப்பு விளம்பரத்துக்கும் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் வாசித்து அலுத்துப்போய், தனக்கென்று போட்ட முதல் மெட்டு. அதை அவன் முழுதாகக் கேட்டதில்லை. உள்ளே இருக்கும்.

"பத்து நிமிஷம்," என்றான்.

"எனக்கு இன்னொரு எடத்துக்குப் போகணும் சார்," என்றார் பெட்டிக்காரர். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அவன் கிளிக்குக்குப் போன் செய்தான். அவள் குழுவின் டிரம்மர். தாளக் கருவியின் ‘கிளிக்’ ஒலிபோல இம்மி பிசகாமல் தாளம் போடுவதற்காக அவள் வைத்த பெயர்.

"சொல்லுங்கண்ணே. பாலத்துக்கு மேல நிக்கிறோம், ஒரு வண்டியும் நகரல. நான் அக்கா பக்கத்துலதான் இருக்கேன்."

"கீபோர்டுல இருக்கறத எப்படி சேவ் பண்றது?"

ஹாரன் சத்தத்துக்கு மேல் கிளிக் குரலை உயர்த்தினான்.

"அது இன்னும் ஆன்லயா இருக்கு?"

"இருக்கு. ஆனா எந்தக் கட்டைய அமுக்கினாலும் சத்தம் வரல. போயிடுச்சா?"

"போகல. லோக்கல் ஆஃப்ல இருக்கும். கம்ப்யூட்டரோட சேத்து வாசிக்கும்போது அக்கா அப்படித்தான் வைப்பாங்க. கட்டை கம்ப்யூட்டருக்கு மட்டும் சேதி சொல்லும், இங்க வாயத் தொறக்காது. அத அப்புறம் பாப்போம். மொதல்ல ஆடியோ இன்புட் பக்கத்துக்குப் போங்க."

போனான். இரண்டு பச்சைப் பட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"மைக் தொறந்தே இருக்குண்ணே. மேல ஒரு செவப்புக் கோடு தெரியுதா? சத்தம் அதத் தாண்டினா தானா பதிய ஆரம்பிச்சிடும். பழசு மேலயே பதியும். கொஞ்ச நேரம் யாரையும் பேசாம இருக்கச் சொல்லுங்க."

அவன் திரும்பிக் கையை உயர்த்தினான். பதிய ஆரம்பிக்கும்போது அவள் உயர்த்துவதுபோலவே. நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படியே நின்றார்கள்.

"சாவு வீட்ல எப்படி மாப்ளே," என்றார் மாமனார் மெல்ல. பட்டை பாதிவரை ஏறி இறங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

காலையிலிருந்து அவர் அழவில்லை. நாற்காலி எண்ணினார், பெட்டிக்குச் சொன்னார், சொந்தக்காரர்களுக்கு வழி சொன்னார். கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கிய கீபோர்டு அது. "மூத்த மாப்ள அவருதான், நீங்க ரெண்டாவது," என்று வரும்போதெல்லாம் அவனைச் சீண்டுவார். இப்போது மைக்குக்கு அருகில், பொத்திய வாயோடு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் பட்டை மட்டும் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது, கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே வரை.

இன்புட் என்ற இடத்தைத் தொட்டு ஆஃப் என்று மாற்றினான். பட்டைகள் விழுந்தன.

"மாத்திட்டேன்."

"மிடி பக்கம். லோக்கல் கன்ட்ரோல். அத ஆன் பண்ணுங்க. பென்டிரைவ் இருக்கா?"

அலுவலகப் பையைத் தரையில் கொட்டி ஒன்றைத் தேடி எடுத்தான். கிளிக் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லச் சொல்ல அழுத்தினான். முப்பது சதவீதம். அறுபது. அங்கேயே நின்றது. பெட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். தொண்ணூறு.

"முடிஞ்சுதுன்னு போடுது."

"எங்களுக்கும் வழி விட்டுட்டாங்கண்ணே. அஞ்சு நிமிஷத்துல கூட்டிட்டு வந்துடறேன்," என்றான் கிளிக்.

மாமனார் வாயிலிருந்து கையை எடுத்தார். "என்ன இருக்கு அதுல?"

"பாட்டு மாமா. போட்டுப் பாக்கவா?"

அவர் தலையசைத்தார். அவன் கைக்கு வந்த ஒரு கட்டையை அழுத்தினான். மெலிந்த, அவசரமான ஒரு சின்னக் குரல் கீச்சென்று ஒரு வார்த்தை சொன்னது. பயந்து விரலை எடுத்துவிட்டான். பதிந்ததை மேலே தள்ளி வாசித்தால் குரலும் அப்படி ஏறிவிடும் என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்ப இப்படித்தான் பேசுவா," என்றார் மாமனார்.

அவன் பதிந்த சுருதிக்கான இடது ஓரத்துக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். முதலில் கரகரவென்று ஒரு இரைச்சல். பிறகு அவள், அவளுடைய குரலிலேயே.

"ஃபேன ஆஃப் பண்ணுப்பா."

இரைச்சல்.

"உன்னத்தான். ஃபேன் சத்தம் விழுது."

"இரு, ஒரு நிமிஷம்." தூரத்தில் அவன் குரல். கூடவே அவன் போனில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ கிரிக்கெட் ஆட்டத்தின் கைதட்டல்.

இரைச்சல் நீண்டது. அவள் ஒரு வரியை வாய்க்குள் முனகிப் பார்த்தாள். நிறுத்தினாள்.

"சரி விடு. தல வலிக்குது. நாளைக்குப் பண்ணிக்கறேன்."

நாற்காலி நகர்ந்த சத்தம். அதற்குப் பிறகு ஃபேன் மட்டும் ஓடியது. பதிவு முடிந்த பிறகும் அவன் விரல் கட்டையின் மேலேயே இருந்தது.

"பாட்டு எங்க மாப்ளே?"

அவன் மஞ்சள் சீட்டை உரித்துச் சட்டைப் பையில் போட்டான். குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது.

"வாங்க," என்றான் பெட்டிக்காரரிடம்.

தெருவில் வண்டி நின்றது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். முன்னால் கிளிக்கும் மாமனாரும். கூடம் ஒரு நிமிடத்தில் நிறைந்துவிட்டது. வேர்வையும் அழுகையும் மூச்சுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரோ ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். அவளைப் பெட்டியில் கிடத்தி, கலைந்திருந்த முன்முடியை மாமனார் விரலால் ஒதுக்கினார்.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய் ஃபேன் சுவிட்சை அணைத்தான்.

சிலர் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். "புழுக்கமா இருக்கே," என்று ஒருவர் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். மாமனார் அவரைப் பார்த்தார். கை கீழே இறங்கியது.

மேலே இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன.