பருத்திக்கொட்டை சேர்த்தவள்

பாவாயி கொண்டுவரும் நெய்யை மட்டும் சுவாமிநாதச் செட்டியார் முகர்ந்து பார்க்க மாட்டார். ராசிபுரம் சந்தையில் நெய் மண்டி வைத்திருந்தவர் அவர். மற்றவர்கள் கொண்டுவரும் பானையில் விரலை விட்டு, புறங்கையில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்து ஆயிரம் நொட்டை சொல்வார். வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து பாவாயி தலைச்சுமையாக வந்து இறக்கினால், "உள்ள வெச்சுட்டுப் போ, பாவாயி" என்பதோடு சரி. பதினாறு வருஷமாக அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். நகைநட்டு இல்லாத கழுத்துக்கு அது போதும் என்று இருந்தாள்.

அந்த வருஷம் ஊருக்குள் டின் நெய் வந்து இறங்கியது. எண்ணெயை நெய் மாதிரி உறைய வைத்துச் செய்தது, பேர் வனஸ்பதி. "இது விஞ்ஞானம்" என்றது ஒரு கட்சி. "இது விஷம், தின்றால் கண் போய்விடும்" என்றது இன்னொரு கட்சி. பத்திரிகையில் சண்டை, சந்தைத் திடலில் மேடை போட்டுச் சண்டை. ஒன்றே ஒன்றில் மட்டும் இரண்டு கட்சியும் ஒத்துப்போயின. நெய்யில் கலப்படம் மிஞ்சிவிட்டது, சர்க்கார் சோதனை போட வேண்டும். பெரிய மனிதர்கள் இப்படி ஒத்துப்போனாலே அது யார் தலையிலாவது வந்து விடியும். இந்த முறை பாவாயி தலையில் விடிந்தது.

சுகாதார இன்ஸ்பெக்டர் மண்டியில் எடுத்த ஆறு புட்டிகளில் அவளுடையது ஒன்று. பட்டணத்துச் சோதனைச்சாலையில் அதில் ஏதோ மருந்தை ஊற்றிச் சூடாக்கினார்களாம், சிவந்துவிட்டதாம். சிவந்தால் பருத்திக்கொட்டை எண்ணெய் கலந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

கோர்ட்டில் அன்று கேஸ் நிறைய. மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பருத்திக்கொட்டை சேர்த்ததுண்டா?"

பாவாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. தீனிக்குப் பருத்திக்கொட்டை வைக்காமல் எருமையைப் பட்டினி போட்டுக் கறக்கிறவள் என்று எவனோ கோள் மூட்டியிருக்கிறான் என்று நினைத்தாள்.

"சேக்காம இருப்பனுங்களா சாமி? காத்தால ஒரு படி, பொழுதெறங்க ஒரு படி. ஊற வெச்சு, ஆட்டி, என் கையாலயே சேக்கறனுங்க. எங்க மாமியா காலத்துல இருந்து அதானுங்க வழக்கம். வேணும்னா ஊரைக் கேட்டுப் பாருங்க."

கோர்ட்டே சிரித்தது. குமாஸ்தா, 'குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பரம்பரையாகச் செய்துவருவதாகவும் சொல்கிறாள்' என்று எழுதிக்கொண்டார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் லேசாகச் சிரித்துவைத்தாள்.

அபராதத்தை அவள் புருஷன் சென்னியப்பன் கட்டிவிட்டான். போன பேரை யார் மீட்பது? மாரியம்மன் கோயில் விளக்குக்கு அவள் கொடுத்த நெய் அப்படியே திரும்பி வந்தது. அவளைக் கண்டால் கிணற்றடியில் பேச்சு நின்றது. செட்டியார் ஒருவர்தான், "கோர்ட்டு கெடக்குது, எம்மூக்குக்குத் தெரியாததா?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சோதனைச் சீட்டு இல்லாமல் அவள் நெய்யை வாங்கக் கூடாது என்று மண்டிக்கு உத்தரவு. அவர் கையும் கட்டுப்பட்டுப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து, எண்ணெயை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். எண்ணெய் எங்கும் இல்லை. கொல்லையில் சென்னியப்பன் ஆட்டுக்கல்லில் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டியதை வழித்துப் போட்ட தாழியில் எருமை முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது.

"இதையா கோர்ட்டில சொன்னீங்க?"

"வேற எதைச் சொல்லுவனுங்க?" என்றாள் பாவாயி.

சின்ன வயதுக்காரர், அவருக்கு வேர்த்துவிட்டது. இரண்டு நாள் அங்கேயே கிடந்து, கறந்தது, உறை ஊற்றியது, கடைந்தது, உருக்கியது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, தன் கையாலேயே புட்டிக்கு அரக்கு வைத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார். அதுவும் சிவந்தது.

"எருமை தின்னதுதாம்மா நெய்யில தெரியுது. சோதனை பொய் சொல்லல. நாங்கதான் அதைத் தப்பாப் படிச்சுட்டோம்" என்றார். நல்ல மனுஷர், சொன்னதோடு நிற்காமல் மேலிடத்துக்கும் எழுதினார். பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. சோதனை முறையை மாற்ற இயலாது. குடியானவர்களைத் தீனியை மாற்றிக்கொள்ளச் சொல்லவும்.

"அப்ப எம்மேல எழுதுனதுங்க?"

"எழுதினது எழுதினதுதாம்மா."

பாவாயி பருத்திக்கொட்டையை நிறுத்தினாள். எருமை வெறும் தாழியை நக்கிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்துக் கத்தியது. பால் வற்றியது. மணல் மணலாக உறைகிற நெய் கொழகொழவென்று நின்றது. பழைய மணமும் அதில் இல்லை. சுத்தம் என்று பேர் வாங்க வாயில்லாத ஜீவனின் வாயைக் கட்ட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகையாக வந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு எடுத்த புட்டி சிவக்கவில்லை. 'சுத்தமான நெய்' என்று முத்திரை போட்ட சீட்டு வந்தது.

சீட்டை மடியில் முடிந்துகொண்டு மண்டிக்குப் போனாள். செட்டியார் எழுந்தே வந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதா, பாவாயி! உள்ள வெய்யி."

அவரே ஒரு கை பிடித்து இறக்கியபோது பானை சரிந்து கொஞ்சம் நெய் அவர் கையில் வழிந்தது. பழக்கம் விடுமா? புறங்கையில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நம்பாமல் இன்னொரு தரம் தேய்த்தார். பதினாறு வருஷத்தில் அவள் முன்னால் சுளிக்காத முகம் சுளித்தது.

"ஏம்மா, இதுல என்ன சேத்துன?"

தாழி, எருமை, சிவந்த புட்டி, பட்டணத்துக் காகிதம் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது. வெளியே வந்தது இவ்வளவுதான்.

"ஒண்ணுஞ் சேக்கலீங்க செட்டியாரே. சேத்திட்டிருந்ததைத்தான் நிறுத்திப்போட்டனுங்க."

செட்டியார் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கோர்ட்டுல நீ சொன்னது நெசந்தானா, பாவாயி?" என்றார்.