மச்சினன் வழியே இணையம்

என் மாமனார், வீட்டு வைஃபையைத் தன் பெயின்ட் கடை மாதிரியே நடத்துபவர். யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று தினமும் அவர் போனுக்குத் தகவல் வந்துவிடும். சாப்பிடும்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். கீழே கடை, மேலே வீடு, இரண்டு இடத்திலும் மொபைல் சிக்னல் எட்டிப் பார்க்காது. அவர் வீட்டிலேயே தங்கி அவர் கடையிலேயே வேலை பார்க்கும் மருமகன் நான். வெளியூரில் வேலை தேடுவது அந்த வாசிப்பில் வந்தால் என் கதை கந்தல்.

மச்சினன் கம்ப்யூட்டர் படிக்கிறான். விளம்பரக் கம்பெனிகள் என்னைத் துரத்துகின்றன என்று அவனிடம் அளந்துவிட்டேன்.

"இவ்வளவுதானே அத்தான்? ப்ராக்ஸி போட்டுடறேன். நீங்க பாக்கறதெல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாப் போகும். உங்க போன் பேரு அப்பாவுக்குக்கூட வராது."

என் போனின் வைஃபை செட்டிங்கில் ஒரு முகவரியும் போர்ட் எண்ணும் அடித்துக் கொடுத்தான். யாருக்குப் பயந்தேனோ அவர் மகனிடமே போய் ஒளிந்துகொண்டேன். அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

நான் மேய்ந்த வேலைத் தளங்கள் எல்லாம் மச்சினன் கணக்கில் வந்தன. "பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று மாமனார் பூரித்துப்போனார். எனக்கு வேலையும் கிடைத்தது. அடுத்து அந்த ஊரில் வீடு தேடினேன். வெளிச்சமான சமையலறை வேண்டும், மகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். பார்த்ததைப் போனிலிருந்து உடனுக்குடன் அழித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமனார் போனைப் பார்த்துவிட்டு மகன்மேல் பாய்ந்தார்.

"ஏண்டா, 'தனியாள் அறை'ன்னு என்னமோ தளம் வருது? வீட்டை விட்டுப் போகப் போறியா?"

"ஐயோ, நான் இல்லப்பா! அது அத்தான்!"

இரண்டு கவளம் சோறு இறங்கும் நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை பயல். மாமனார் குதித்த குதியை விடுங்கள். என் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எங்களை விட்டுட்டுத் தனியாப் போகப் பாத்தீங்களா?"

"ஐயோ, தளத்தோட பேருதான் அப்படி. உள்ளே குடும்ப வீடும் இருக்கும். நம்ம மூணு பேருக்கும்தான் தேடினேன், சத்தியமா."

"காட்டுங்க."

போனை எடுத்தேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மச்சினன் பக்கம் திரும்பிக் கெஞ்சினேன்.

"டேய், உள்ளே நான் என்ன பாத்தேன்னு உங்க அக்காவுக்குக் காட்டுடா."

"முடியாது அத்தான். தளத்தோட பேரு மட்டும்தான் எனக்குத் தெரியும். உள்ளே பாக்கறது யாருக்கும் தெரியாது. அவ்வளவு பாதுகாப்பு."

அந்த நேரத்திலும் அவன் குரலில் பெருமை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து வீடு தேடியிருப்பேனே," என்றாள் மனைவி. எதிரே அப்பா உட்கார்ந்திருப்பதை அவள் பொருட்படுத்தவே இல்லை. மாமனார் போனைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.