அம்மாவின் கெட்டிலில் படிந்த உப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கா கொடுத்தது. அவள் எங்கள் ஊர்க் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குழாய்த் தண்ணீரைச் சோதிப்பவள். ஒருநாள் போனில், "அப்பா இப்ப நல்லா தண்ணி குடிக்கிறார்டா. என்கூடத்தான் பேசுறதில்ல" என்றாள். கதை எழுதுகிறவன் காதில் இப்படியொரு வாக்கியம் விழுந்தால் சும்மா இருப்பானா? அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "அந்தச் சிறு நகரத்தின் தண்ணீருக்கு ஞாபகசக்தி இருந்தது. அது தன்னைத் தொட்ட ஒவ்வொரு..."

(அடித்தாயிற்று. தண்ணீருக்கு ஏது ஞாபகசக்தி? சும்மா அளப்பு.)

இரண்டாம் தொடக்கம்: "சோப்பு நுரைக்காத ஊரில் பிறந்த பெண் ஒருத்தி."

இது தேவலாம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

சோப்பு நுரைக்காத ஊரில் பிறந்த பெண் ஒருத்தி. அந்த ஊர்க் கிணறுகளின் தண்ணீர் அப்படி. அதுதான் குழாயிலும் வந்தது. குளித்துவிட்டு வந்தால் தலைமுடி துடைப்பம் மாதிரி விறைத்து நிற்கும். குழாய் முனைகளில் வெள்ளை வெள்ளையாகக் காறை பிடித்து, தண்ணீர் நேராக விழாமல் பக்கவாட்டில் பீய்ச்சும். வீட்டு ஆட்கள் ஒதுங்கி நின்று திறப்பார்கள். சட்டை நனைந்திருந்தால் அவர் விருந்தாளி.

அம்மாவின் கெட்டிலுக்குள் முட்டை ஓட்டைப் போல ஓர் உப்புப் படலம் இருந்தது. அதைச் சுரண்ட அம்மா யாரையும் விட்டதில்லை. "அதுக்கும் ஒரு ருசி இருக்கு, கைய வைக்காத" என்பாள். பேருந்து ஓட்டுநரான அப்பா முப்பது வருடமாக வீட்டில் குடித்த தேநீர் எல்லாம் அதில் கொதித்ததுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை பழகட்டும் என்று அந்தப் பெண் வீட்டுத் தண்ணீரையும் மாதம் ஒருமுறை சோதித்தாள். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுத்தான் பாட்டிலில் பிடிக்கவேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்கு அம்மாதான் காவல். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தின் எதிரே நிற்பாள். "இரு, இன்னும் பத்து செகண்ட் இருக்கு. ஆங், இப்பப் பிடி." மறுநாள் மகள் பதிவேட்டில் எழுதுவாள்: சமையலறைக் குழாய், கடினத்தன்மை லிட்டருக்கு ஐந்நூற்று இருபது மில்லிகிராம்.

[இந்த இடத்தைப் படித்துக்காட்டியபோது அக்கா குறுக்கிட்டாள்: "கலர் மாறுறத எழுதவேயில்லையேடா. எங்க வேலையில பாக்க அழகா இருக்கிறது அது ஒண்ணுதான்." சரி, எழுதிவிடுகிறேன். சோதனைத் தண்ணீர் முதலில் திராட்சைச் சிவப்பில் இருக்கும். அதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் நீலமாகிவிடும். எவ்வளவு மருந்து செலவானதோ அதை வைத்து உப்பு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். போதுமா அக்கா?]

3

அம்மா இறந்து மறுவருடம், தொலைவிலிருந்த ஏரியின் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். கடினத்தன்மை அறுபதுகூட இல்லை. சோப்பு பொங்கப் பொங்க நுரைத்தது. ஊரே மகிழ்ந்தது. அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "வாயில நிக்கவே மாட்டேங்குதே" என்று டம்ளரை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வெறும் தண்ணீரைத் தொடவில்லை.

அவருக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு. தினம் இரண்டு லிட்டராவது உள்ளே போகவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. தேநீர் மட்டுமே உள்ளே போயிற்று. கெட்டிலில் இருந்த பழைய உப்பு, புதுத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்துகொண்டிருந்தது. அதனால் அம்மா போட்ட தேநீரின் சாடை அதில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், மகள் அந்தக் கெட்டிலில் வினிகரை ஊற்றிக் கொதிக்கவைத்தாள். அன்பினால்தான். ஆனால் வேண்டாத வேலை. இரண்டாவது கொதியில் முப்பது வருட உப்பு பாளம் பாளமாகக் கழன்றது. கெட்டில் கடையில் வாங்கியதுபோல் ஆகிவிட்டது.

பழைய தண்ணீராக இருந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி படிந்திருக்கும். புதுத் தண்ணீரில் படிவதற்கு உப்பே இல்லை. இனி எத்தனை காலம் கொதிக்கவைத்தாலும் அது திரும்பாது. மகளுக்கு இது உறைக்கும்போது

(வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். முடிக்க வரவில்லை.)

மாலையில் அப்பா கெட்டிலைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடி வைத்தார். அன்றோடு தேநீரும் நின்றது. ஆறாம் நாள் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில், கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "கெட்டில யாரு தேய்ச்சது?"

"நான்தான்ப்பா" என்றாள் மகள்.

4

மகள் பரிசோதனைக் கூடத்தின் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்தாள். அம்மா கடிகாரம் பார்த்துப் பிடித்துக்கொடுத்த தண்ணீரின் விவரங்களெல்லாம் அவற்றில் இருந்தன: எந்த உப்பு எவ்வளவு என்று. உணவுக்கு ஆகும் உப்புகளை வாங்கி, அதே அளவில் ஏரித் தண்ணீரில் கலந்தாள். மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டாள். "எந்தத் தண்ணியா இருந்தா என்னம்மா, உள்ள போகட்டும்" என்றார். சோதித்துப் பார்த்தாள். ஐந்நூற்று இருபதில் நீலமானது. வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று: அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண் கலங்கி, "உங்கம்மா வந்துட்டாம்மா" என்கிறார். (எழுதிய எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: டம்ளரை வாங்கிச் செடிக்கு ஊற்றிவிடுகிறார். ("செடி என்னடா பாவம் பண்ணுச்சு? அவ்வளவு உப்பு ஊத்தினா வாடிப்போயிடும்" என்று அக்கா நிராகரித்துவிட்டாள்.)

நடந்தது என்னவோ சாதாரணம். குடித்தார். காலி டம்ளரை நீட்டினார். அன்றிலிருந்து தினம் இரண்டு லிட்டர். உடம்பு தேறிவிட்டது. ஆனால் மகளோடு பேச்சில்லை. அவள் கேட்டால் "ம்", மிஞ்சிப்போனால் "ம்ஹும்". ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஏழு மாதமாயிற்று.

5

மூன்றாம் பகுதியில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வேலை நாள்; காலை ஏழு மணிக்கே போய்விட்டாள். வீட்டில் இருந்தவன், நான்கு நாள் விடுமுறையில் வந்திருந்த நான். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவனுக்கு ஏதாவது உபகாரம் செய்துவிட்டுப் போகவேண்டும் என்ற அரிப்பு.

"ஏன்க்கா உன் தலையில போட்டுக்கிட்ட?" என்று போனில் கேட்டேன்.

"என்மேல கோவப்பட்டா தினம் கண்ணு முன்னாடி இருக்கேன், எப்பவாச்சும் தணியும். உன்மேல கோவப்பட்டா, வருஷம் பூரா வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரே, அது நின்னுபோயிடும்டா."

"ஏழு மாசமாத் தணியலையே?"

"அத விடு. கதையில நான்தான்னே எழுதிடு" என்றாள்.

அதன்படிதான் எழுதினேன். எழுதிவிட்டு என்னால் அதைப் படிக்க முடியவில்லை. அக்கா மேல் எனக்கு இருக்கும் பாசத்தைவிட, என் மேல் எனக்கு வந்த வெட்கம் அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

அப்பா நான் எழுதுவதை விடாமல் படிப்பவர். படிப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பார். "போய்ச் சேர்ற இடம் தெரியாம நான் வண்டி எடுக்கிறதில்ல" என்பார். ஆகவே வாசகரே, இதுவரை கூட வந்ததற்கு நன்றி. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். இங்கே இன்னொருவருக்கு இடம் வேண்டும். இனி நடப்பதை எழுத என்னால் ஆகாது. அது அவர் கையில் இருக்கிறது.

அப்பா, கெட்டிலைத் தேய்த்தது நான். நீங்கள் முடிவெட்டிக்கொண்டு திரும்புவதற்குள் பத்தரை மணி வண்டியைப் பிடித்துவிட்டேன். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். மேலே இருப்பதை அப்புறம் படிக்கலாம். அக்கா பக்கத்து அறையில்தான் இருப்பாள். முதலில் அவளைக் கூப்பிடுங்கள்.