காலை 6.25: வியப்படைதல்

சலாலா இயற்கைப் பயணத்தின் நிகழ்ச்சி நிரலில், மூன்றாம் நாள் காலை 6.10 முதல் 6.25 வரை ‘அருவி காணல்’ என்றும், 6.25 முதல் 6.40 வரை ‘வியப்படைதல்’ என்றும் இருந்தது. 6.40க்குத் தேநீர். பதினைந்து நிமிடத்தில் வியந்து முடியாதவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, “டீ குடிச்சுக்கிட்டே வியக்கலாம்” என்று மன்றத் தலைவர் தியாகு சலுகை வழங்கினார்.

வளைகுடாவில், அஜ்மானில் இயங்கிவந்த இயற்கை நேசர் மன்றத்துக்குப் பதினாறு உறுப்பினர்கள். ஜன்னலைத் திறக்காமல், ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு இயற்கையை நேசித்துவந்தார்கள். 2005 ஜூன் மாதம் வெளியே நாற்பத்தாறு டிகிரி. யாரையும் குறை சொல்ல முடியாது. ஓமானின் தென்கோடியில் இருக்கும் சலாலாவில் மட்டும் ஜூலையில் சாரல் அடிக்கும், மலை பச்சையாகும் என்று தியாகு நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் காட்டி நிரூபித்திருந்தார். ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் ‘தியாகு, புராஜெக்ட் மேனேஜர்’ என்று போட்டிருந்தது. விசிட்டிங் கார்டிலும் அதுவே. சைட்டில் அறுபது பேரை விரட்டுவதும் அவர்தான். பொய் என்று சொல்லிவிட முடியாது.

பொய்யாக இருந்தது பாஸ்போர்ட்டில்தான். 1993இல் அவரைக் கொண்டுவந்த கம்பெனியிடம் கொத்தனார் விசா மட்டுமே மீதம் இருந்தது. “விசால என்ன இருந்தா என்ன பாய், வேலை வேற” என்றார் கம்பெனியின் அலுவலகக்காரர். பன்னிரண்டு ஆண்டுகளாக அதையே புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் விசாவில் குடும்பத்தை அழைத்துவர முடியாது. மனைவி சந்திரகலா நர்ஸ். மகள் ஸ்வாதி அம்மாவின் விசாவில் இருந்தாள். ஏன் அப்பா விசாவில் இல்லை என்று மகள் ஒருமுறை கேட்டதற்கு, “ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு அதுல சலுகை” என்று தியாகு விளக்கினார். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலக் கட்டுரையில் அவள் ‘என் தந்தை ஒரு பொறியாளர், அவரிடம் எல்லாரும் அனுமதி கேட்பார்கள்’ என்று எழுதி, அது பள்ளி ஆண்டு மலரிலும் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை லாமினேட் செய்து ஹாலில் மாட்டியவர் தியாகுதான்.

திங்கட்கிழமை இரவு மன்றச் செயலாளர் சுரேஷ்குமார் போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர். படிவம் என்றால் பிரியாணி போல அவருக்கு.

“தலைவரே, பஸ் ஏஜென்ட்டைப் பாத்துட்டு வந்தேனுங்க. பார்டர்லயே விசா அடிச்சுக் குடுத்துருவாங்களாம். ஆனா நம்ம விசால எழுதியிருக்கற தொழிலைப் பாப்பாங்களாம். மேனேஜர், அக்கவுண்டன்ட், நர்ஸு, இவங்கெல்லாம் ஓகே. லேபர், கொத்தனார், டிரைவரெல்லாம் மாஃபி. திருப்பி அனுப்பிருவாங்களாம்.”

“அப்படியா” என்றார் தியாகு.

“வெள்ளிக்கிழமை எல்லார் விசா காப்பியவும் வெச்சு லிஸ்ட் அடிச்சர்லாங்க. தொழில் அரபியில இருக்குது, நமக்குப் படிக்க வராது. நம்ம ஸ்வாதி அரபியில ஃபர்ஸ்ட்டாமில்ல? புள்ளைய வெச்சே படிச்சர்லாம்.”

செவ்வாயன்று தியாகு கம்பெனி அலுவலகத்தில் நின்றார். தொழிலை மாற்ற இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். புதனன்று உறுப்பினர்களுக்குப் போன் போட்டு, எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்கும் கோர்ஃபக்கான் கடற்கரையும் இயற்கைதானே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவருடைய இருபத்தேழாவது ஸ்லைடையே அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்: ‘சலாலாவைக் காணாதவன் வளைகுடாவைக் காணாதவன்.’ வியாழனன்று, தன் காப்பி தெளிவில்லாமல் இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று சுரேஷ்குமாரிடம் கேட்டார். “கண்ணாடியாட்ட இருக்குதுங்க தலைவரே!” என்றார் சுரேஷ்குமார்.

அன்றிரவு சந்திரகலா சொன்னாள்: “நீங்களே அவகிட்ட முன்னாடி சொல்லிடுங்க. கேட்டா என்ன, சாப்பிடாம இருந்துடுவாளா?”

“கட்டுரை எழுதியிருக்காடி.”

“அவ எழுதினா. நீங்க ஏன் மாட்டினீங்க?”

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. நடுவில் காப்பிக் கட்டு. சுரேஷ்குமார் லேப்டாப்போடு உட்கார்ந்தார். பொருளாளர் கௌஸ் முகம்மது, ரோலாவில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர், பக்கத்தில் அமர்ந்தார். குர்ஆன் ஓதிய பழக்கத்தில் அரபு எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவார், பொருள் தெரியாது. இதைத் தியாகு அந்த நிமிடத்தில்தான் நினைத்துப் பார்த்தார். வாசலோரம் மாயாண்டி நின்றான். தியாகுவின் சைட்டில் கொத்தனார், கேம்ப்பில் நாற்பது பேருக்குச் சமைக்கிற கை. பயணத்துக்குச் சமையல் அவன் பொறுப்பு. அதற்காகத் தியாகுவே கம்பெனியில் பேசி அவனுக்கு லீவும் பாஸ்போர்ட்டும் வாங்கித் தந்திருந்தார்.

ஸ்வாதி முதல் தாளை எடுத்தாள். “சுரேஷ் அங்கிள். முஹாசிப். அக்கவுண்டன்ட்.”

“கார்டுல ஃபைனான்ஸ் கன்ட்ரோலர்னுல்ல போட்டிருக்கீங்க?” என்றார் கௌஸ்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்க பாய்.”

அடுத்தது ஜெயசீலன். பத்து வருடமாக ஏ.சி. விற்பவர். “லேப் டெக்னீஷியன்” என்றாள் ஸ்வாதி. ஜெயசீலனே எட்டிப் பார்த்தார். “எந்த லேப்? எனக்கே தெரியாதேம்மா!” மேசை குலுங்கச் சிரித்தார்கள். தியாகுவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டின் கனத்தைக் கண்ணால் அளந்தார். தலைவர் என்ற மரியாதைக்காக அவர் தாளைச் சுரேஷ்குமார் கடைசியில் வைத்திருந்தார். மரியாதை இவ்வளவு மெதுவாகக் கொல்லும் என்று தியாகுவுக்கு அதுவரை தெரியாது.

பன்னிரண்டு, பதின்மூன்று. பதினாறாவதாக மாயாண்டி.

“பன்னா” என்றாள் ஸ்வாதி. “மேசன்.”

சுரேஷ்குமாரின் விரல் நின்றது. “ஏஜென்ட் சொன்ன லிஸ்ட்ல இது இல்லீங்களே தலைவரே. பார்டர்ல இவனால பஸ்ஸே நின்னு போகும். நீங்கதான் சொல்லோணும்.”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். மாயாண்டியும் பார்த்தான். பத்து நாளாக மசாலாவுக்கு லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தவன். ஊரை விட்டு வந்த பதினோரு வருடத்தில் மழையில் நனைந்ததே இல்லை, ஒரு தடவை நனைஞ்சிட்டு வந்துர்றேன் சார் என்று சொல்லியிருந்தான்.

தியாகு தொண்டையைச் செருமினார். “சட்டம்னு ஒண்ணு இருக்கு. நாம விருந்தாளிங்க. விருந்து குடுக்கிற நாட்டோட சட்டத்தை மதிக்கணும்.” குரல் கம்பீரமாகவே வந்தது. “மாயாண்டி, அடுத்த தடவை பாப்போம்.”

“சரிங்க சார்” என்றான் மாயாண்டி.

மேசையில் ஒரே ஒரு தாள் மிச்சம் இருந்தது. ஸ்வாதி எடுத்தாள். படிப்பதற்கு வாயைத் திறந்தாள். மூடினாள்.

சந்திரகலா சமையலறை வாசலில் டம்ளரோடு அப்படியே நின்றாள்.

“என்னம்மா, தெளிவா இல்லையா?” கௌஸ் முகம்மது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். “காட்டு. பே... நூன்...”

“அது ஸ்பான்சர் பேரு அங்கிள்” என்று தாளைத் தன் பக்கம் இழுத்தாள் ஸ்வாதி. “தொழில் இங்க இருக்கு. முதீர். மேனேஜர்.”

சுரேஷ்குமார் அடித்தார். “எம், ஏ, என்... முடிஞ்சுதுங்க.”

தியாகு மூச்சு விட்டார். மாயாண்டி மேசையருகே வந்து தன் காப்பியை எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் படிக்கவே தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் பதினோரு வருடமாக லேபர் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் பார்த்துப் பார்த்து ஒரே ஒரு அரபுச் சொல்லின் வடிவம் அவனுக்கு மனப்பாடம். அது அவன் கையிலிருந்த தாளில் இருந்தது. பக்கத்தில் கிடந்த தாளிலும் இருந்தது. இரண்டையும் பார்த்தான். பிறகு தியாகுவைப் பார்த்தான்.

ஒரு வார்த்தை போதும். அப்படிச் சொன்னால் அது நியாயமும்கூட என்பது தியாகுவுக்குத் தெரிந்திருந்தது.

“சார்” என்றான் மாயாண்டி. “பயணத்துக்கு நடுவுல பத்தாந்தேதி ரெண்டாவது மாடி ஸ்லாப்பு கான்கிரீட் இருக்குல்ல? நீங்க இல்லாம கன்சல்டன்ட்டு விடமாட்டானே சார். மறந்துட்டீங்களா?”

ஸ்லாப் பதினெட்டாம் தேதிதான். கான்கிரீட்டை முன்னால் தள்ளலாம், பின்னால் தள்ளலாம். இதைச் சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

“ஆமா” என்றார் தியாகு. பிறகு எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லியிருந்தால் அவர் தியாகு இல்லை. “நண்பர்களே, கடமைக்கு முன்னால் இயற்கை கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலைச் சுரேஷ்குமார் நடத்துவார்.”

கை தட்டினார்கள். மாயாண்டியும் தட்டினான்.

கூட்டம் கலைந்த பிறகு ஸ்வாதி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தியாகு பக்கத்தில் போய் நின்றார்.

“ஃபைல் இப்ப ஏஜென்ட்டுக்குப் போகணும்ல அப்பா. அதுல மேனேஜர்னு இருந்தா ராங் இன்ஃபர்மேஷன். ஸோ உங்க ரோவை டெலிட் பண்ணிட்டேன்.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சீரியல் நம்பர் எல்லாம் கரெக்டா வந்துடுச்சு.”

“ஸ்வாதி...”

“கட்டுரையில நான் இன்ஜினீயர்னு எழுதினப்ப நீங்க படிச்சீங்கள்ல? அப்பவே சொல்லியிருக்கலாம். நான் மேசன்னே எழுதியிருப்பேன். எனக்கு ஸ்பெல்லிங் தெரியும்.”

ஹாலில் மாட்டியிருந்த ஆண்டு மலர்ப் பக்கத்தை அன்றிரவு தியாகு கழற்றினார். ஆணியை விட்டுவிட்டார். கொத்தனார் விசாவில் இருந்தாலும் சுவரில் ஆணி பிடுங்கினால் காரை பெயரும் என்ற பயம்.

ஜூலை எட்டாம் தேதி ரோலாவிலிருந்து பஸ் புறப்பட்டது. பதினைந்து பேர், மாயாண்டி அரைத்துக் கொடுத்த மசாலா மூன்று கிலோ, கேம்ப்பிலிருந்து இரவல் வாங்கிய அண்டா. ஜன்னலோரத்தில் இருந்த ஸ்வாதி கையாட்டினாள். தியாகுவுக்கா, அவர் பின்னால் நின்ற மாயாண்டிக்கா என்று தெரியவில்லை.

பத்தாம் தேதி காலை சைட்டில் கான்கிரீட் எதுவும் இல்லை. மாயாண்டி கீழ்த்தளத்துச் சுவருக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தான். தியாகு பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். 6.25. அப்போது போன் அடித்தது. ஸ்வாதி.

“அப்பா, இங்க ஃபுல்லா மூடுபனி. அருவி எங்க இருக்குன்னே தெரியல. சத்தம் மட்டும் வருது. எல்லாரும் நனைஞ்சுட்டோம். சுரேஷ் அங்கிள் வாட்ச்சைப் பாத்துட்டு, ‘இப்ப வியக்கலாமுங்க’ங்கறாரு.”

அவர் சிரித்தார். அந்தப் பக்கமும் லேசாகச் சிரிப்பு கேட்டது. கேட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

“சரி, மாயாண்டி அங்கிள்கிட்ட குடுங்க. அம்மா சாம்பார்ல மசாலா அள்ளிக் கொட்டிட்டாங்க. பதினைஞ்சு பேரு. அர்ஜென்ட்.”

மாயாண்டி பூச்சுக் கரண்டியைக் கலவைச் சட்டியில் குத்திவிட்டு, கையைக் கைலியில் துடைத்து, போனை வாங்கினான். “பாப்பா, பயப்படாத. உருளைக்கெழங்கு கெடக்கா? நாலா வெட்டிப் போடு...”

பேச்சு நீண்டது. கலவை காய்ந்துகொண்டிருந்தது. தியாகு சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. ஒரு கவளம் அள்ளி, மாயாண்டி செய்வது போலவே மணிக்கட்டைச் சுழற்றிச் சுவரில் வீசினார். ஒட்டியது. இன்னொன்று வீசினார். இழுத்துத் தேய்த்தார்.

“உப்ப மட்டும் தொடாத பாப்பா” என்று சொல்லிக்கொண்டே திரும்பிய மாயாண்டி, போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

“சார். அதை வைங்க சார். பூரா வழியுது.”