இனித்த கிணறு

அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போய் மாதக் கணக்காகிவிட்டது. கரையோர மீனெல்லாம் சூடு தாங்காமல் ஆழத்துக்குக் குடிபெயர்ந்துவிட, அதைத் துரத்திக்கொண்டு யார் யார் படகிலோ கூலிக்கு ஏறிப்போனார்கள். வீட்டில் மிஞ்சியது இரண்டு ஓரகத்திகள். பெரியவள், சின்னவள் என்றுதான் தெருவே கூப்பிடும். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இவர்களோ ஒரே சீப்பில் தலைவாரி, ஒரே பாயில் படுத்தவர்கள்.

பெரியவளுக்கு இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. சின்னவளுக்கு ஏழாம் மாதம். வீட்டுக்குப் பின்னால் வயல் என்று ஒன்று பெயருக்கு இருந்தது. புயலோடு ஏறி வந்த கடல் நீர் அங்கேயே தங்கி வற்றியதில் மண் வெளுத்து, கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்துக் கிடந்தது. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிணறு.

காலையில் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும் தண்ணீர், மதியம் கயிறு போதாத ஆழத்துக்கு இறங்கிவிடும். சாயங்காலம் திரும்ப ஏறும். மழையும் இல்லை, இறைக்கிறவர்களும் இல்லை. சுவர் இடுக்குகளில் குமிழ் விட்டுக்கொண்டு, தூங்குகிற ஆள் மாதிரி ஒரு சத்தம் வரும்.

“நம்ம கிணறு மூச்சு விடுதுடி” என்றாள் பெரியவள்.

“உன் கொழுந்தன் குறட்டைய விடவா?” என்று சிரித்தாள் சின்னவள்.

பல வருஷமாகவே லேசாகக் கரித்துக்கொண்டிருந்த தண்ணீர், புயலுக்கு அப்புறம் வாயில் வைக்க முடியாத உப்பானது. லாரித் தண்ணீர் என்றைக்காவது வரும். அதைப் பிடித்து மூடிவைத்து, “வயித்துப் பிள்ளைக்காரி, நீ இதத்தான் குடிக்கணும்” என்று பெரியவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் கொட்டகைக்கு இறாலே வரவில்லை. மதியமே வீடு திரும்பினாள். கொல்லையில் சின்னவள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து, வாளியோடு வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். தாடையில் வழிந்ததைக்கூட விரலால் வழித்து நக்கினாள்.

“அடிப்பாவி! அது உப்புடி!”

“இல்லக்கா. இனிக்குது.”

முகம் ஊதி, கண் இரண்டும் இடுங்கியிருந்தன. பெரியவள் குனிந்து அவள் காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. குழி மேலே எழவே இல்லை.

“உள்ள ஒரு குழந்தை பேசுதுக்கா” என்றாள் சின்னவள், யாரோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “நீ கேட்டதில்லையா?”

பெரியவளுக்கும் முன்பு ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தது. எட்டாம் மாதம் அசைவு நின்றுபோய், முகம் பார்க்கவிடாமல் வயல் வரப்பில் புதைத்தார்கள். அந்த வரப்பையும் புயலில் கடல் கொண்டுபோய்விட்டது.

சுவரைப் பிடித்துக் குனிந்தாள். மதிய நேரம் கீழே கிடக்கவேண்டிய தண்ணீர், கறுப்பாக, அவள் முகத்தை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. மூச்சுச் சத்தத்துக்கு நடுவில் வேறொன்றும் கேட்டது. மழலையா, குமிழா, தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தால் புரிந்துவிடும்போல இருந்தது. இன்னும் கொஞ்சம். நெற்றியில் ஈரம் பட்டது.

“அக்கா… கண்ணு தெரியல.”

திரும்பினால் சின்னவள் தரையில் விழுந்து, கை கால் வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தாள். பின்னால் அந்தச் சத்தம் நிற்கவில்லை. பெரியவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆனால் கிணற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வலைபின்னுகிறவள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு அரக்கப் பரக்க ஓடிவந்தாள். இருவருமாய்த் தூக்கிப் போட்டு மேட்டுத் தெரு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ஊசி போட்டு வலிப்பை அடக்கிய பிறகுதான் நர்ஸ் வெளியே வந்தாள். “ரத்த அழுத்தம் தலைக்கு ஏறிடுச்சு. எந்தத் தண்ணி குடிக்கிறா?”

சாயங்காலம் நினைவு திரும்பிய சின்னவளே அதைச் சொன்னாள். “நீ நாள் பூரா நின்னுட்டு வர்றக்கா. லாரித் தண்ணி ஒருத்திக்குத்தான் போதும். மொதல்ல குமட்டுச்சு. அப்புறம் எப்பவோ இனிக்க ஆரம்பிச்சிருச்சு.”

தினமும் கொட்டகையிலிருந்து வந்ததும், ‘நான் குடிச்சாச்சுக்கா’ என்று சின்னவள் நீட்ட, பெரியவள் மடக் மடக்கென்று குடித்த நல்ல தண்ணீர் அது.

பிள்ளையை அன்றைக்கு ராத்திரியே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள். முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு பெண். ஆனால் அழுதது. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. சின்னவளுக்கும் மெல்லப் பார்வை வந்தது.

“கடல் மண்ணுக்கு அடியில உள்ள வருதும்மா” என்றாள் நர்ஸ். “அந்த உப்பு தாயையும் விடாது, பிள்ளையையும் விடாது. கரையோரம் பூரா இதே கதைதான்.”

“எனக்கும் ஒண்ணு போச்சு” என்றாள் பெரியவள்.

நர்ஸ் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். “உறுதியா சொல்ல முடியாது. ஆனா உங்க தெருவுல உனக்கு மட்டுமா போச்சு?”

பெரியவள் மனசுக்குள் வீடு வீடாக நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி நின்றாள். ஒருத்திக்குக் கண்ணேறு என்றார்கள். ஒருத்திக்கு ராசியில்லாத வயிறு. பெரியவளுக்கு வாய்த்தது, “கனத்தைத் தூக்கிக் கலைச்சுக்கிட்டா.”

அவர்கள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மேட்டுத் தெருவில் ஒற்றை அறை கிடைத்தது. பாத்திரம் எடுக்க மட்டும் பெரியவள் வந்தாள். உச்சி வெயிலில் தெருவுக்குள் கணுக்கால் அளவு கடல் நின்றது. அலை இல்லை, சத்தம் இல்லை. கொல்லைப் பக்கம் போகாமல் நேரே வலைபின்னுகிறவள் வீட்டுப் படியேறினாள். நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னாள்.

கேட்டவள் கையில் வலையூசி நின்றுவிட்டது. இரண்டு முறை வயிறு கலைந்தவள் அவள்.

“அப்போ… நான் ஒண்ணும் பண்ணலையா?”

“நீ ஒண்ணும் பண்ணலடி.”

வலைபின்னுகிறவள் அழவில்லை. வலையைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு எழுந்தாள்.

“வா. மொதல்ல கடைசி வீட்டுக்காரிகிட்ட சொல்லணும். அவளத்தான் மாமியா பேசியே கொல்றா.”

புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.